தூணுக்குப் பின்னால் நின்ற கூட்டம்

அலங்கார பூபதி என்றொரு ராஜா. அவர் ஆண்ட ஊரில் சோற்றுக்குப் பஞ்சம் வந்தாலும் வரும், படச்சீலைக்குப் பஞ்சம் வராது. நீளத் துணியில் கட்டம் கட்டமாய்க் கதையை வரைந்து நூற்றுக்கால் மண்டபத்தில் தொங்கவிடுவார்கள். வரைந்தவரே கோல் பிடித்துக் காட்ட வேண்டும் என்பது ஊர் வழக்கம்.

அரண்மனைச் சித்திரக்காரர் வாசால நயினார். அவருடைய கதாநாயகன் முதல் கட்டத்திலேயே தொடை தட்டுவான். இரண்டாம் கட்டத்தில் ஊரையே கட்டிப்பிடிப்பான். மூன்றாம் கட்டத்தில் புலி அவனுக்குச் சிநேகிதமாகிவிடும். மிச்சம் முப்பது கட்டத்துக்கு? மறுபடியும் தொடைதான். அந்தத் தொடை என்ன பாவம் செய்ததோ!

அப்போதுதான் வடிவாம்பாள் என்ற பெண் ஒரு சீலை வரைந்தாள். அவள் நாயகன் சாத்தப்பன், கல்யாணப் பந்தியில் குழம்பு கேட்கக் கூசி வெறுஞ்சோறு தின்பவன். எதிரே தெரிந்தவர் வந்தால் சந்துக்குள் நுழைவான். அது முட்டுச்சந்தாய் இருக்கும். ‘சௌக்கியமா?’ என்று நாலு நாள் கிணற்றைப் பார்த்துப் பழகி, ஐந்தாம் நாள் பாடை தூக்கிப் போனவரிடம் கேட்டுவைத்தான். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது.

நயினாருக்கு வயிறு எரிந்தது. நேரே சபைக்கு ஓடினார்.

“மகாராஜா! கூச்சப்படுகிறவனெல்லாம் கதாநாயகனா? எதிரி நாட்டான் பார்த்தால் என்ன நினைப்பான்? நாயகன் என்றால் நம் மகாராஜா மாதிரி நாலு பேரோடு கலகலவென்று இருக்க வேண்டாமா?”

வடிவாம்பாளை அழைத்து வந்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள். புதுமுகத்தைக் கண்டதும் ராஜா கூரையைப் பார்த்தார். இருவருக்கும் சேர்த்து நயினாரே பேசினார். கடைசியில் ராஜா கூரையிடம் தீர்ப்புச் சொன்னார்:

“நாளைக்கு ரெண்டு சீலையும் தொங்கட்டும். பொழுது சாயும்போது யார் சீலைக்கு அதிகம் பேரோ, அவருக்கே மண்டபம். தோற்றவர் கோலை ஒடித்துப் போட்டுவிட்டு ஊரைவிட்டுப் போகணும்.”

தரையில் இரண்டு சொட்டு விழுந்ததை ஒருவன்தான் பார்த்தான். முத்திருளன். சந்தையில் வெண்கலச் சட்டி விற்று, உதைபட்டு, வாயை வைத்தே சபைக்கு ஏறி வந்தவன். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். வெளியே வந்து அவளை மறித்தான்.

“தாயி, நாளைக்குக் கதை சொல்லுவியா?”

“நாக்கு ஒட்டிக்கும்ங்க,” என்றாள் சுவரிடம்.

“கோல் பிடிக்கணும்னுதானே வழக்கம்? வாயைத் திறக்கணும்னு எவன் சொன்னான்? சீலைக்குப் பின்னால நில்லு. கோலை மட்டும் வெளியே நீட்டு. மத்ததை என்கிட்ட விடு.”

மறுநாள் நயினார் வாசலிலேயே நின்று, வந்தவரையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். மைத்துனனின் ஊரையே வண்டி கட்டி இறக்கியிருந்தார். மூச்சுவிடாமல் கதை சொன்னார். கேட்டவர்களும் மூச்சுவிடவில்லை, கொட்டாவிதான் விட்டார்கள்.

இந்தப் பக்கம் சீலைக்கு மேலே கோலின் நுனி மட்டும் நடுங்கிக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தைத் தொட்டது. முன்னால் நின்றவர்கள் தாங்களே கதை சொன்னார்கள்.

“ஐயோ, பாடை வருதுடா! கேட்டுடாதே!”

“கேட்டுட்டான்! நானும் இப்படித்தான் ஒருநாள்...”

உச்சிவேளையில் முத்திருளன் அவள் பக்கத்துத் தூண்களுக்கு நடுவே நடந்தான். தூணுக்குத் தூண் ஐந்தாறு பாதி முகம். நாலாவது தூணில், கொளுத்துகிற வெயிலில், ஆட்டிடையன் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். முத்திருளன் ஒரு செருமல் செருமிவிட்டு நகர்ந்தான்.

பொழுது சாய்ந்தது. ராஜாவின் ஆசனம் மட்டும் இன்னும் காலியாய் இருந்தது. மணியக்காரர் தலை எண்ணினார்.

“நயினார் சீலைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு. அந்தப் பெண்ணுக்கு நாற்பத்து மூன்று.”

“சந்தைக்காரா, கோலை நீ ஒடிக்கிறாயா, நான் ஒடிக்கட்டுமா?” என்றார் நயினார்.

“பொறும் ஓய்!” முத்திருளனுக்குச் சுர்ரென்று ஏறியது. “கடைக்குள் வந்து உட்கார்ந்து வெற்றிலை போடுகிறவனா சரக்கு வாங்குகிறவன்? எதிர்ச்சாரியில் நின்று ஓரக்கண்ணால் பார்க்கிறான் பாரும், அவன்தான் வாங்க வந்தவன். மணியக்காரரே, வாசலில் நின்று போகிறவர்களை எண்ணும்!”

பிறகு அவள் பக்கத்துத் தூண்களைப் பார்த்துக் கத்தினான்:

“மகாஜனங்களே! தூணுக்குத் தூண் நயினார் வருகிறார்! ஆளாளுக்குக் கட்டிப்பிடித்து, பேர் ஊர் கேட்டு, மேடையில் ஏற்றி ஒரு பாட்டுப் பாட வைப்பார்!”

அவ்வளவுதான். மண்டபம் இடிந்து விழுந்தாலும் அப்படி ஓடியிருக்க மாட்டார்கள். ஒற்றை வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு மந்தையாய் வெளியேறினார்கள். கம்பளிக்காரர் மட்டும் வாசலுக்குப் போகவில்லை. பக்கச் சுவரேறிக் குதித்தார். செருப்பொன்று இந்தப் பக்கமே விழுந்தது.

“இருநூற்று அறுபத்தொன்பது!” என்றார் மணியக்காரர். விரல்விட்டுக் கூட்டி விழித்தார். “நாற்பத்து மூன்றோடு சேர்த்தால் இவளுக்கும் முந்நூற்றுப் பன்னிரண்டு!”

“சமம் என்றால் வெற்றியாகுமா?” என்று நயினார் கூவும்போதே கட்டியக்காரன் குரல் கேட்டது. அலங்கார பூபதி வந்து அமர்ந்தார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. இடது காலைப் பட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

முத்திருளன் கும்பிட்டான். “மகாராஜா, கணக்கில் ஒரு தலை விட்டுப்போச்சு. வாசலில் எண்ணும்போது அவர் சுவரேறிக் குதித்துவிட்டார். சாத்தப்பனுக்குச் சொந்தக்காரர் போலிருக்கிறது. இதோ அவர் செருப்பு.”

தூக்கிக் காட்டினான். முத்துப் பதித்த செருப்பு.

“யாருடையது? வரச் சொல்!” என்று குதித்தார் நயினார். “கட்டிப்பிடித்து நானே விசாரிக்கிறேன்!”

ராஜா கூரையைப் பார்த்தார். மீசை துடித்தது. அடக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“வேண்டாம் நயினாரே, நீர் விசாரித்தால் அவர் நாட்டைவிட்டே ஓடிவிடுவார். அவரையும் சேர்த்து எண்ணுங்கள். மண்டபம் அந்தப் பெண்ணுக்கு. பரிசு வாங்க அவள் சபைக்கு வர வேண்டாம், வீட்டுக்கே போகும். ஊரைவிட்டு நீரும் போக வேண்டாம். வழக்கம் கிடக்கட்டும், ஒரு வருஷம் அவள் சீலைக்குப் பின்னால், வாய் திறக்காமல், கோல் பிடியும்.”

சீலைக்குப் பின்னாலிருந்து கோலின் நுனி மெல்ல எழுந்து, ஒரு கும்பிடு போட்டது.

“செருப்பை என்ன செய்யட்டும், மகாராஜா?” என்றான் முத்திருளன்.

ராஜா கிட்டே கூப்பிட்டுக் காதோடு சொன்னார்:

“நாலாவது தூணுக்குப் பின்னால் வைத்துவிடப்பா. கூட்டம் கலைந்ததும் அவரே வந்து எடுத்துக்கொள்வார்.”