உடும்பு ஸ்பெஷல் பாறை ஏறுமா?

மழை வருவதற்கு முன்னால் பாதி ஊரே வீடு மாற்றுகிற காடு ஒன்று இருந்தது.

அந்தக் காட்டின் பள்ளத்தில் ஓர் ஓடை. ஓடைக்கரைப் புதர்களில் முயல், முள்ளம்பன்றி, காடை, சருகுமான் எல்லாம் குடியிருந்தன. வெயில் காலத்தில் அதைவிட நல்ல இடம் கிடையாது. தண்ணீர் பக்கத்தில், புல் வாசலில். ஆனால் மலையில் மழை பிடித்துவிட்டால் ஓடை ஒரே நாளில் புதருக்குள் வந்துவிடும். அதற்குள் எல்லோரும் மேட்டுக் குகைகளுக்குப் போய்விட வேண்டும்.

மேட்டுக்கு ஒரே வழிதான். அந்த வழியில் வழுக்குப்பாறை என்று ஒரு பாறை. சாய்வான பாறை, மேலெல்லாம் பாசி. பெரியவர்கள் எப்படியோ தாவியும் தொற்றியும் ஏறிவிடுவார்கள். பிறந்த குட்டிகள் என்ன செய்யும், சொல்லுங்கள்?

அதற்காகத்தான் கரடி கருப்பன் ஒரு ஜீப் வைத்திருந்தது.

அந்த ஜீப்பைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எதுவும் இல்லை. ஒரு விளக்கு எரியும், ஒன்று எரியாது. இடது கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். ஹாரன் அடித்தால் சளி பிடித்த தவளை மாதிரி கத்தும். அதன் நிறம் என்ன என்று கேட்டால் கருப்பனே கொஞ்சம் யோசிக்கும். காட்டுக் குட்டிகள் அதைத் 'தகரடப்பா' என்றுதான் கூப்பிட்டன.

ஆனால் அதன் நான்கு டயர்களிலும் விரல் நுழைகிற அளவுக்கு வெட்டு இருந்தது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். வண்டி துள்ளாமல் இருக்கப் பின்னால் மணல் மூட்டை கிடக்கும். ஏழு மழைக்காலமாக அது வழுக்குப்பாறையில் ஒரு தடவைகூட நின்றதில்லை.

அந்த வருடம் முயல் செவந்திக்கு ஐந்து குட்டிகள். பிறந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. செவந்தி பெரிய கவலைக்காரி. ஒரு புல்லைத் தின்னும்போதே அடுத்த புல் கிடைக்குமா என்று கவலைப்படும். மேற்கே மேகம் கறுத்ததும் அது கரடியிடம் ஓடியது.

"அண்ணே, டீசல் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"கயிறு எடுத்து வச்சாச்சா?"

"வச்சாச்சு."

"பிரேக்?"

"செவந்தி, நேத்தும் கேட்ட, முந்தாநாளும் கேட்ட. பிரேக் அப்படியேதான் இருக்கு."

"அப்படியேதான் இருக்கா, நல்லா இருக்கா?"

கருப்பன் பெருமூச்சு விட்டது. அது நல்ல கரடிதான். ஆனால் அதற்கு ஒரே ஓர் ஆசை. தான் வண்டியில் போகும்போது நாலு பேர் திரும்பிப் பார்த்து, "யப்பா, யார் வண்டி இது?" என்று கேட்க வேண்டும். தகரடப்பாவையும் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஹாரனுக்காகப் பார்த்தார்கள்.

அன்றைக்குத்தான் கீரி சிங்காரம் பள்ளத்துக்கு வந்து மருதமரத்தடியில் மூன்று புது வண்டிகளை வரிசையாக நிறுத்தியது. சமதரைச் சாலை வழியாகச் சந்தையிலிருந்து கொண்டுவந்தவை அவை. மூன்றும் பளபளவென்று ஆரஞ்சு நிறம். கதவில் நாக்கை நீட்டுகிற உடும்பு படம். கூரையில் ஆறு விளக்குகள். இருக்கையின் முதுகில் மஞ்சள் நூலால் உடும்புத் தையல்.

"வாங்க, வாங்க! இதுதான் உடும்பு ஸ்பெஷல்!" என்று கீரி கூவியது. "மொத்தமே பன்னிரண்டு வண்டிதான். இது ஏழாவது. பாருங்க, தகட்டிலேயே போட்டிருக்கு. பன்னிரண்டில் ஏழு!"

கருப்பன் வாயைப் பிளந்துகொண்டு வண்டியைச் சுற்றி வந்தது. "பாறை ஏறுமா, தம்பி?"

"என்ன அண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க! பேரே உடும்பு. பாறையா, சேறா, பாசியா, அது கேட்கவே கேட்காது. பிடிச்சா விடாது!"

முள்ளம்பன்றி சிரித்தது. "கதவுல உடும்பு படம் போட்டா உடும்பு ஆயிடுமா? என் முதுகுல மயிலை வரைஞ்சா நான் தோகை விரிச்சு ஆடணுமா?"

அந்தச் சமயம் பார்த்து, பாறை இடுக்கிலிருந்து நிஜ உடும்பே இறங்கி வந்தது. கதவில் இருந்த தன் படத்தைப் பார்த்ததும் அதற்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"மூக்கு சரியா வந்திருக்கு," என்றது. பிறகு பானட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. "என் பேரை வச்சதுல எனக்குச் சந்தோஷம். ஆனா ஒண்ணு சொல்றேன், என் பேர் எங்கேயும் வழுக்கக் கூடாது."

"வழுக்குறதா!" என்று கீரி காதைப் பொத்திக்கொண்டது. "அண்ணே, உங்களுக்காக ஒரு சலுகை. அந்தப் பழைய தகரத்தைக் கொடுங்க. கூட மூணு குடம் தேன். இந்த ஏழாம் நம்பரை நீங்களே ஓட்டிட்டுப் போங்க."

செவந்தி குறுக்கே வந்து நின்றது. "அண்ணே, மழை முடியட்டுமே. என் பிள்ளைங்க மேலே போய்ச் சேர்ந்ததும் மாத்திக்கலாமே."

"அதுக்குள்ள வித்துப்போயிடும்மா," என்றது கீரி. "பன்னிரண்டுதான் இருக்கு!"

கருப்பன் அந்த ஆறு விளக்குகளைப் பார்த்தது. உடனே ஓடிப் போய்த் தேன் குடங்களைத் தூக்கி வந்து தகரடப்பாவில் ஏற்றியது. சாவியைக் கீரியின் கையில் கொடுத்தது. புது வண்டிக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தது. இருக்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்ற மட்டும் அதற்கு மனம் வரவில்லை. உறையோடே உட்கார்ந்து பார்த்தது. கரடி அசைந்தபோதெல்லாம் அது கறுக் கறுக்கென்றது.

குழந்தைகளே, அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது வழுக்குப்பாறையின் அடியில்தான். அதுவும் வண்டியைக் கொடுத்தவர்தான் முதலில் ஓட்ட வேண்டும். ஆனால் கருப்பன் வழக்கத்தைப் பற்றிப் பேச்செடுத்ததும் கீரி தலையை ஆட்டியது.

"அங்கே ஒரே சேறு அண்ணே. சந்தனம் காயறதுக்குள்ள சேறு படணுமா? இங்கேயே, மரத்தடியிலேயே வச்சிடலாம்."

"அதுவும் சரிதான்," என்று கருப்பன் எலுமிச்சம்பழங்களை எடுத்தது.

அப்போது முதல் தூறல் விழுந்தது. மலைப்பக்கம் இடி இடித்தது. ஓடையின் சத்தம் மாறியது.

கீரி நிமிர்ந்து வானத்தைப் பார்த்தது. "ஐயோ, நான் கிளம்பணும்!" என்று ஓடியது. எட்டாம் நம்பர் உடும்பு ஸ்பெஷலைத் தாண்டி ஓடியது. ஒன்பதாம் நம்பரையும் தாண்டி ஓடியது. நேராகப் போய்த் தகரடப்பாவில் ஏறி உட்கார்ந்தது.

அதைச் செவந்தி பார்த்துவிட்டது. கவலைப்படுகிறவர்களுக்கு இது ஒரு வசதி. எதையும் பார்க்காமல் விடமாட்டார்கள். அது ஒரே தாவாகத் தாவித் தகரடப்பாவுக்கு முன்னால் போய் நின்றது.

"எங்கே கிளம்பிட்டீங்க, கீரியாரே?"

"வீட்டுக்குத்தான். வழி விடும்மா."

"வீடு எங்கே?"

"மேட்டுல."

"வழுக்குப்பாறையைத் தாண்டியா?"

"தாண்டாம பறந்தா போக முடியும்?"

"அப்போ அந்த எட்டாம் நம்பர்ல போங்களேன்."

கீரி எட்டாம் நம்பரைத் திரும்பிப் பார்த்தது.

"அது... புதுசும்மா. சேறு பட்டுடும்."

"சேறுன்னா அது கேட்கவே கேட்காதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"தேன் குடம் வேற இருக்கு. கனம். உருண்டு உடைஞ்சுபோச்சுன்னா?"

"உங்க தேனுக்கு அந்த வண்டி ஆகாது. என் பிள்ளைங்களுக்கு மட்டும் ஆகுமா?"

கருப்பன் கையில் எலுமிச்சம்பழங்களோடு அப்படியே நின்றது. அதன் முகம் மெதுவாக மாறியது.

"சிங்காரம்," என்றது கரடி. "இறங்கு. நம்ம வழக்கப்படி பாறையடியிலேயே வைப்போம். நீதான் ஓட்டணும். நான் பக்கத்துல உட்காருறேன். பாறை ஏறிட்டா வண்டி என்னுது, தகரம் உன்னுது."

"நானும் வர்றேன்," என்றது பானட்டின் மேலிருந்த உடும்பு. "பேர் என்னுது."

கீரிக்கு வேறு வழியில்லை. இறங்கி வந்து ஏழாம் நம்பரைப் பாறையடிக்கு ஓட்டியது. வழி நெடுகப் பிளாஸ்டிக் உறைதான் கறுக் கறுக்கென்று பேசிக்கொண்டு வந்தது.

பாறையடியில் நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஊரே ஒதுங்கி நின்று பார்த்தது. கூரையில் ஆறு விளக்குகளும் எரிந்தன. கீரி கண்ணை மூடிக்கொண்டு வண்டியைக் கிளப்பியது.

முன்சக்கரங்கள் இரண்டு பழத்தை நசுக்கிவிட்டுப் பாசியில் ஏறின. ஒரு முழம் ஏறியிருக்கும். அவ்வளவுதான். பின்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே உர்ரென்று சுழன்றன. மூன்றாவது எலுமிச்சம்பழம் நசுங்கவே இல்லை. சக்கரத்துக்கு அடியிலிருந்து விர்ரென்று பறந்து வந்து முள்ளம்பன்றியின் முள்ளில் குத்தி நின்றது.

"பரவாயில்லை," என்றது முள்ளம்பன்றி. "திருஷ்டி எனக்காவது கழிஞ்சது."

வண்டி பின்பக்கமாகச் சறுக்கியது. மெதுவாகச் சறுக்கியது, பிறகு வேகமாகச் சறுக்கியது. "பிரேக்! பிரேக்!" என்று கரடி கத்தியது. "அதைத்தான் மிதிக்கிறேன்!" என்று கீரி கத்தியது. கடைசியில் உடும்பு ஸ்பெஷல் தொப்பென்று சேற்றுக்குள் உட்கார்ந்து, வயிறு வரை புதைந்தது.

அந்த வண்டியில் அன்றைக்குப் பிடியை விடாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். பானட்டின் மேல் இருந்த நிஜ உடும்பு.

அது கோபமாக இறங்கி வந்து, மழையில் ஊறிப்போயிருந்த தன் படத்தைப் பிய்த்து எடுத்தது. படத்துக்கு அடியில் வேறு எழுத்து தெரிந்தது. 'சந்தை வண்டி' என்று இருந்தது.

கருப்பன் குனிந்து, முதல் தடவையாக, வண்டிக்குக் கீழே பார்த்தது. டயர்கள் கத்திரிக்காய் மாதிரி வழவழவென்றிருந்தன. இழுத்ததோ பின்சக்கரம் இரண்டு மட்டும்.

"விளக்கைப் பார்த்தேன், தையலைப் பார்த்தேன்," என்றது கரடி. "ஓடுற காலைப் பார்க்காம விட்டுட்டேனே."

"அப்புறம் வருத்தப்படலாம் அண்ணே!" என்று செவந்தி அலறியது. "ஓடை என் புதருக்கு வந்திருச்சு!"

கருப்பன் எடுத்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! தேன் குடங்களை மரத்தடியில் இறக்கிவிட்டு, தகரடப்பாவைப் புதருக்கு ஓட்டிப் போனது. தண்ணீர் செவந்தியின் வளை வாசலை நக்கிக்கொண்டிருந்தது. ஐந்து முயல் குட்டிகளையும் அள்ளி, மணல் மூட்டைகளுக்கு நடுவே புல் பரப்பி வைத்தார்கள். காடைக் குஞ்சுகளை அதற்குப் பக்கத்தில் வைத்தார்கள். சருகுமானின் குட்டியைச் செவந்தி அணைத்துக்கொண்டது.

தகரடப்பா இருமியது, குலுங்கியது. தவளைச் சத்தத்தில் ஒரு ஹாரன் அடித்தது. பிறகு வழுக்குப்பாறையில் கால் வைத்து, கறகறவென்று பாசியைக் கீறிக்கொண்டு ஏற ஆரம்பித்தது.

"மெதுவா அண்ணே!"

"மெதுவாத்தான் போறேன்."

"இவ்வளவு மெதுவாவா?"

இரண்டாம் நடைக்கு முள்ளம்பன்றியும் வயதான காடைகளும் ஏறிக்கொண்டன. அப்போது சேற்றிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. கீரிதான். காது வரை சேறு.

"அண்ணே, எனக்கும் ஒரு இடம் இருக்குமா?"

கருப்பன் திரும்பிப் பார்த்தது. "இருக்கு. ஒரே ஒரு இடம். முள்ளம்பன்றிக்குப் பக்கத்துல."

பாறை முழுக்கக் குலுங்குகிற வழி. ஒவ்வொரு குலுக்கலுக்கும் கீரி "ஆ!" என்றது. "ஸ்பெஷல் இருக்கை தம்பி," என்றது முள்ளம்பன்றி. "இதுலயும் தையல் உண்டு."

எல்லோரும் மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஓடை பள்ளத்துப் புதர்களை முழுக்க மூடிவிட்டது. செவந்தி குகைக்குள் குட்டிகளை எண்ணியது. ஐந்து. மறுபடியும் எண்ணியது. ஐந்துதான்.

உடும்பு தன் படத்தைக் கொண்டுவந்து கருப்பனிடம் நீட்டியது. "இதை உன் வண்டியில ஒட்டிக்கோ. இதுக்குத்தான் இந்தப் பேர் தகும்."

கருப்பன் தகரடப்பாவைத் தட்டிக் கொடுத்தது. "வேணாம்ப்பா. தகரடப்பான்னு கூப்பிட்டே பழகிடுச்சு. பேரை மாத்தினா அதுவும் என்னை மாதிரி பகட்டுல மயங்கிடும்."

மழை விட்ட பிறகு, கயிறு கட்டி ஏழாம் நம்பரைச் சேற்றிலிருந்து இழுத்தார்கள். இழுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாவம், அதுவும் மோசமான வண்டி இல்லை. ஏரிக்கரைச் சமதரையில் வெள்ளரிக்காய் ஏற்றிக்கொண்டு அழகாக ஓடியது. அதன் கதவிலும் மற்ற இரண்டு வண்டிகளின் கதவிலும் கீரியே தன் கையால் 'சந்தை வண்டி' என்று பெரிதாக எழுதியது. கருப்பனும் உடும்பும் இரண்டு பக்கமும் நின்று எழுத வைத்தார்கள்.

ஏழாம் நம்பரை இழுத்த அன்றைக்குச் சாயங்காலம் கருப்பன் தகரடப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அண்ணே, அடுத்த மழைக்கு டீசல் போட்டாச்சா?"

நீதி: பெயரைக் கேட்டு வண்டியில் ஏறாதே, அந்தப் பெயரைச் சொல்லி விற்றவர் எதில் ஏறி வீட்டுக்குப் போகிறார் என்று பார்.