சடையப்பன் போட்ட கேட்

சிஷ்யருக்கு வயசு அம்பத்திரெண்டு. குருவுக்கு இருபத்தாறு.

சிஷ்யர் பேரு சடையப்பன். வேம்பாறை மலைக்குப் பத்தொம்பது வருசம் மினி பஸ் ஓட்டுனவரு. சக்கரை வந்து கண்ணைக் கெடுத்துருச்சு. லைசன்ஸைப் புதுப்பிக்கப் போன எடத்துல, எதிர்ல இருக்கற போர்டைப் படிங்கன்னாங்க. "போர்டு எங்க இருக்கு?"ன்னு கேட்டாரு. அதோட ஸ்டியரிங் போச்சு.

குரு பேரு நிலோஃபர். பஸ் ஸ்டாண்டு மாடியில செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கா. கம்ப்யூட்டர்ல பஸ் ஓட்டுற கேம் ஒண்ணைக் காட்டி, மவுஸைப் பிடிக்கக் கத்துக் குடுத்தவ அவதான். அன்னைலருந்து இவரு அவளைக் "குருவே"ம்பாரு. முதல்ல கிண்டலுக்குத்தான். அப்புறம் வாய் பழகிருச்சு.

அந்தக் கேம்ல கம்பெனி குடுத்த ரோடெல்லாம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கும். ஒரு ஆடு குறுக்க வராது. அதனால விளையாடுறவங்களே அவங்கவங்க ஊர் பஸ்ஸையும் ரோட்டையும் செஞ்சு உள்ள சொருகிக்குவாங்க. மோட்னு பேரு. காசு கிடையாது. சடையப்பனும் மூணு வருசம் மானிட்டர்ல மூக்கை ஒட்டிக்கிட்டு, வேம்பாறையோட முப்பத்தெட்டு வளைவையும் செஞ்சு உள்ள வச்சாரு. நெட்டுல எவன் வேணா, ஒரே நேரத்துல பத்து பேரு கூட ஓட்டலாம்னு விட்டாரு. ஓட்டுனாங்க.

அவரும் தினம் காலைல ஆறே காலுக்கு முதல் ட்ரிப் எடுப்பாரு. பிரேக்கு கீபோர்டுல இருக்கு. அவரு காலு டேபிளுக்கு அடியில தரையை மிதிக்கும். வலது செருப்பு மட்டும் தேயும்.

இப்படி இருக்கறப்ப, கம்பெனியே ஒரு மலை ரோடு விட்டுச்சு. இருநூறு ரூபா கட்டுனாத்தான் திறக்கும். கையோட சடையப்பனுக்கு ஒரு கடுதாசியும் அனுப்புச்சு. நிலோஃபர்தான் அதைத் தமிழ்ல எழுதிக் குடுத்தா.

சடையப்பன் அதை மூக்கால படிச்சுக் காட்டினாரு. கம்பெனிக்காரன் அப்படித்தான் பேசுவான்னு அவருக்கு ஒரு முடிவு.

"'எங்கள் விளையாட்டின் கோப்புகளை எங்கள் அனுமதியின்றிப் பிரித்து, தாங்கள் ஒரு சாலையை நுழைத்துள்ளீர்கள். தங்கள் ஆர்வத்தைப் பாராட்டுகிறோம். சாலையை அகற்றவும்.' பாத்தீங்களா குருவே. அவன் மலை காசுக்கு. என் மலை ஓசி. ஓசியாக் குடுத்தவன் திருடனாம்."

நிலோஃபர் ஒரு போனோட முதுகைக் கழட்டிக்கிட்டு இருந்தா.

"என்ன பண்ணப் போறீங்க?"

"எடுக்க மாட்டேன். அவனை மாதிரியே நானும் கேட் போடப் போறேன். முதல் வளைவுலயே. நூறு ரூபா குடுத்தவனுக்கு ஒரு நம்பர். நம்பர் அடிச்சாத்தான் கேட் தூக்கும். இத்தனை வருசம் இளிச்சவாயனா இருந்தாச்சு."

குரு வேணாம்பான்னு நினைச்சாரு. அதுக்குப் பதில் எல்லாம் படியேறும்போதே தயார் பண்ணி வச்சிருந்தாரு.

"கேட்டுக்கு என்ன கலரு?"ன்னா நிலோஃபர்.

பதில் எல்லாம் வீணாப் போச்சு.

"சிவப்பு, வெள்ளை."

"உக்காருங்க. சொல்லித் தரேன்."

ரெண்டு கம்பம், குறுக்க சிவப்பு வெள்ளையா ஒரு மரம். அதுக்கு மூணு நாளாச்சு. கம்பம் தேக்கு மாதிரி தெரியணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. தெரிஞ்சுது. கேட்டை மூடிட்டு வீட்டுக்குப் போனாரு. நாலு பேரு நம்பர் வாங்கினாங்க. மத்தவங்க கேட்டு முன்னாடி வந்து ஹாரன் அடிச்சுப் பாத்துட்டுத் திரும்பிப் போனாங்க.

அடுத்த வாரம் சடையப்பன் படியை ரெண்டு ரெண்டாத் தாண்டி வந்தாரு.

"குருவே, எவனோ என் மலையைத் தோண்டிட்டான்."

"மூச்சு விட்டுட்டுச் சொல்லுங்கண்ணே."

"கேட்டுக்கு ஓரமா ஒரு மண்பாதை. பலாத்தோப்புக்குள்ள பூந்து மூணாம் வளைவுல வந்து ஏறுது. கீழ என்ன எழுதிருக்கான் தெரியுமா?" குரலைக் குழைச்சாரு. "'அண்ணன் ரோடு தங்கம். கேட்டுதான் கண்ணைக் குத்துது. அதான் பக்கத்துல சின்னதா ஒரு வழி. இலவசம். எல்லாரும் வாங்க.' எல்லாரும் வாங்கவாம். இவன் வீட்டுல கல்யாணமா?"

"எப்படித் தோண்டுனான்?"

"என் ஃபைலைப் பிரிச்சு உள்ள நுழைஞ்சிருக்கான்."

"எதை வச்சுப் பிரிச்சான்?"

"கம்பெனி ஃபைலைப் பிரிக்க எனக்கு நீங்க ஒரு சாஃப்ட்வேர் குடுத்தீங்கல்ல, அதேதான் இருக்கும்." சொல்லிட்டு அவளை ஒரு மாதிரி பாத்தாரு. "நீங்க இல்லையே?"

"எனக்குப் பலாமரம் செய்ய வராதுண்ணே."

"அப்ப ஒரு புகார் எழுதித் தாங்க. நல்லா உறைக்கிற மாதிரி. ரெண்டு நாளுல பாதையை மூடிரணும் அவன்."

நிலோஃபர் டிராயரை இழுத்தா. கம்பெனிக் கடுதாசி அதுலதான் கெடந்துச்சு. எடுத்து ஒரு பேனாவோட அவருகிட்ட நீட்டினா.

"புதுசா எதுக்கு எழுதிக்கிட்டு? இதுலயே பேரை மட்டும் மாத்திக்கங்க."

சடையப்பன் தாளைக் கண்ணுக்குக் கிட்டக்க வச்சுக்கிட்டாரு. கம்பெனி பேரை அடிச்சாரு, தன் பேரைப் போட்டாரு. விளையாட்டுங்கறதை அடிச்சாரு, மலைன்னு போட்டாரு. சாலைங்கறதைப் பாதைன்னாரு. வேற எங்கயும் பேனா நிக்கல.

படிச்சுப் பாத்தாரு.

"எங்கள் மலையின் கோப்புகளை எங்கள் அனுமதியின்றிப் பிரித்து..."

அன்னைக்கு இந்த எடத்தை மூக்கால படிச்சாரு. இன்னைக்குச் சொந்தக் குரல்லயே வந்துச்சு. அதோட நிறுத்திட்டாரு.

"பொருந்துதாண்ணே?"

"அப்ப அந்தக் கம்பெனிக்காரன் சொன்னது நியாயங்கறீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? பொருந்துதான்னு கேட்டேன்."

சடையப்பன் பேனாவை மூடித் திறந்து மூடினாரு.

"அந்தப் பாதையில ஓட்டிப் பாத்தீங்களா?"

"நான் எதுக்கு ஓட்டணும்?"

"பாக்காத பாதை மேல எப்படிப் புகார் எழுதறது. ஒரு ட்ரிப் எடுங்க."

கடைக் கம்ப்யூட்டர்ல உக்காந்தாரு. மூக்கை ஒட்டினாரு. கேட்டு வரைக்கும் போயி, தன் கம்பத்தை ஒரு தடவை பாத்துட்டு, இடது பக்கம் ஒடிச்சாரு. செம்மண்ணு. பள்ளத்துல தண்ணி. பலாக்கிளை கண்ணாடியில உரசுச்சு. ஒரு கோழி குறுக்க ஓடுச்சு. காலு தரையை மிதிச்சுது.

"கோழியெல்லாம் வச்சிருக்கான்."

கொஞ்ச தூரம் போயி, "ஏத்தம் சரியாத்தான் இருக்கு. ரெண்டாவது கியருதான் கேக்குது"ன்னாரு. புகார்த் தாளு அவரு முழங்கைக்கு அடியில மடங்கிக் கெடந்துச்சு.

மூணாம் வளைவுல பஸ்ஸு ரோட்டுக்கு ஏறுச்சு. திடீர்னு காலை ஓங்கி மிதிச்சாரு. மேலருந்து எவனோ ஓட்டிக்கிட்டு வந்த பஸ்ஸு, கண்ணாடியோட கண்ணாடி உரசுற மாதிரி போச்சு.

"கூறு கெட்டவன்."

"யாருண்ணே, வந்தவனா?"

"பாதை போட்டவன். இங்க மேலருந்து வர்றவனுக்குக் கீழ இருக்கறவன் தெரிய மாட்டான். நிஜ மலையிலயும் அப்படித்தான், எத்தனை தடவை நானே தப்பிச்சிருக்கேன். 'ஹாரன் அடிக்கவும்'னு ஒரு போர்டு வேணாமா? நல்லாத்தான் போட்டிருக்கான், மலை தெரியல அவனுக்கு. இப்படியே விட்டா நாளைக்கு எவனாவது வந்து மோதுவான்."

"புகார்ல இதையும் சேத்துரலாமா?"

அவரு காதுல அது விழுந்த மாதிரி தெரியல. ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"ஒரு போர்டு வச்சாப் போதும்."

"வைங்க."

"அவன் பாதையில நான் எப்படி வைக்கிறது?"

"உங்க மலையில அவன் எப்படி வச்சான்?"

சடையப்பன் தேஞ்ச செருப்பைக் கழட்டினாரு. மறுபடி மாட்டிக்கிட்டாரு.

"போர்டு நிக்கணும்னா நல்ல கம்பமா வேணும் குருவே. செய்யறதுக்கு மூணு நாளாகுமே."

நிலோஃபர் போனோட முதுகை மாட்டி, ஸ்க்ரூவைத் திருக ஆரம்பிச்சா.

"செய்ய வேணாம்ணே. கேட்டுல ரெண்டு சும்மா நிக்குதுல்ல."