மீசை மழித்த எலி

ஊரில் அவருக்கு எலிச்சாமி என்று பெயர். காவி கட்டுவதற்கு முன்னால் ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளோடு மாரடித்தவர். சீடர் அம்பலவாணனுக்கு அவரைவிட வயது அதிகம். பக்தியும் கொஞ்சம் அதிகம்தான், சொன்னால் கோபித்துக்கொள்வார்.

ஒரு காலையில் அம்பலவாணன் தன் மனைவி உலகம்மாளையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரை மடத்துக்கு வந்தார். உலகம்மாளின் முகம் அழுது வீங்கியிருந்தது.

"என்னவே, வீட்டுல சண்டையா?"

"பிள்ளையை நான் ஞானியா வளர்க்கேன் சாமி. இவளுக்குப் பொறுக்கல."

"எப்படி வளர்க்கீரு?"

"ஒரு வாரமா இருட்டறையில தொட்டில். கிலுகிலுப்பை கிடையாது, தாலாட்டு கிடையாது. பால் குடுக்க மட்டுந்தான் தூக்கணும். ஐம்புலனை அடக்க நாம எம்புட்டுப் பாடு படுதோம்! இவனுக்கு அது முழிக்கவே வேண்டாம்னுதான்."

"கொஞ்சக்கூட விட மாட்டேங்காக சாமி," என்றாள் உலகம்மாள். "பெத்த வயிறு எரியுது."

சாமி தன் கணவரைத் திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவரோ கதை சொல்ல உட்கார்ந்துவிட்டார்.

"பிறந்த எலிக்குட்டிக்கு மீசையை நறுக்கி நறுக்கி வளர்த்தோம். எலி இருட்டுல உலகத்தைத் தடவிப் பார்க்கது மீசையாலதான். ஒவ்வொரு மீசைக்கும் மூளையில ஒரு இடம் உண்டு. சேதி வர வரத்தான் அந்த இடம் பக்குவப்படும். பிறகு நறுக்குறதை நிப்பாட்டினோம். மீசை நீளமா, அழகா வளந்துட்டு."

"பிறகென்ன சாமி!"

"இருட்டுல ரெண்டு கதவு வச்சோம். ஒண்ணு சொரசொரப்பு, ஒண்ணு வழுவழுப்பு. சொரசொரப்புக்குப் பின்னால தீனி. மத்த எலிங்க தடவிப் பார்த்துப் பழகிக்கிட்டுது. இதுவும் தடவத்தான் செஞ்சுது. எது எதுன்னு பிரிபடல. சேதி வர வேண்டிய வயசுல வரல, அந்த இடம் சரியா அமையல."

அம்பலவாணன் ஆவலோடு முன்னால் நகர்ந்தார். "அப்போ அந்த எலி ஞானியாயிட்டு, இல்லையா சாமி?"

"இல்லவே. பசியோட நின்னுச்சு."

அம்பலவாணன் மகனைப் பார்த்தார். பயந்துதான் போனார்.

"என் பிள்ளை..."

"இருட்டுல போட்டு ஒரு வாரந்தானவே ஆகுது. இன்னும் காலமிருக்கு. இங்க குடும்."

சாமி குழந்தையை வாங்கி வெயிலில் மடிமேல் போட்டுக்கொண்டார். தாலாட்டு ஒன்றை எடுத்துவிட்டார். சுருதி எங்கேயோ போயிற்று. உலகம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். குழந்தை கண்ணைச் சுருக்கி அண்ணாந்து பார்த்தது. இரண்டு கையாலும் சாமியின் தாடியைப் பற்றி ஒரே இழுப்பு!

அம்பலவாணன் பதறி எழுந்தார். "ஐயையோ, வலிக்குதா சாமி?"

"வலிக்கத்தான்வே செய்யுது," என்றார் சாமி, கண்ணில் நீர் முட்ட. "நல்லாப் பிடிக்கான்!"