மழைக்குக் காரணம் கண்ட முள்ளழகர்

வேலங்காட்டுக் குளத்தில் தவளைகள் கூட்டமாக வாழ்ந்தன. கரையிலிருந்த ஒரு பொந்தில் முள்ளழகர் என்ற முள்ளம்பன்றி குடியிருந்தார். எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடிப்பார். அதனால் காட்டில் எல்லோரும் அவரைப் பண்டிதர் என்றே அழைத்தார்கள்.

ஒரு வருடம் மழை பொய்த்தது. குளம் வற்றிக் குட்டையாகிவிட்டது.

“மலைக்கு அந்தப் பக்கம் ஏரி இருக்கிறது. தரையில் ஈரம் இருக்கும்போதே போய்விடுவோம்” என்றது மரகதம் என்ற தவளை.

“எங்கேயும் போக வேண்டாம்” என்றார் முள்ளழகர். “நான் ஆராய்ந்துவிட்டேன். நீங்கள் கத்தும்போதெல்லாம் மழை பெய்கிறது. ஆகவே மழையை வரவழைப்பது உங்கள் குரல்தான்.”

“மழை வருவது தெரிந்துதானே ஐயா நாங்கள் கத்துகிறோம்?”

“அது பாமரர் பேச்சு” என்றார் அவர்.

மரகதத்தின் தம்பி தவிடனுக்குப் பெருமை தாங்கவில்லை. “நம் தொண்டைக்கு இவ்வளவு சக்தியா, அக்கா? கத்தித்தான் பார்ப்போமே” என்றது. மற்றத் தவளைகளுக்கும் அந்தப் பேச்சு இனித்தது.

பகலெல்லாம் கத்தின. ஒரு மேகமும் வரவில்லை.

“தெற்கே பார்த்துக் கத்தினால் எப்படி வரும்? கிழக்கே திரும்புங்கள்” என்றார் முள்ளழகர். திரும்பின. வெயில்தான் கூடியது.

“அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும்” என்றார். அப்படியும் கத்தின. மழைக்குக் கேட்காத அந்தச் சத்தம் தூரத்தில் பசியோடு கிடந்த ஒரு சாரைப்பாம்புக்குக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு உரக்கக் கத்திய தவிடனின் குரல் பாதியில் நின்றுபோனது.

துக்கம் கேட்க முள்ளழகர் வந்தார். “ஒரு குரல் குறைந்துவிட்டது. இனி மழை வருவது கடினம்தான்” என்றார்.

மரகதம் அவரை நிமிர்ந்து பார்த்தது. “குறைந்தது குரல் இல்லை ஐயா. என் தம்பி” என்றது.

அன்று மாலையே அது மலையை நோக்கிப் புறப்பட்டது. மற்றவையும் வாய் திறக்காமல் பின்னால் போயின. ஈரம் காய்ந்துபோன பாதை வயிற்றைச் சுட்டது. ஆவாரம் புதர்களின் நிழலில் ஒதுங்கி ஒதுங்கி ஏறின. பாதி மலையில் இருக்கும்போது காற்று குளிர்ந்து பெருமழை கொட்டியது. மழையிலேயே நடந்து ஏரியை அடைந்தன.

இங்கே பொந்து வாசலில் முள்ளழகர் முட்களைச் சிலிர்த்து நீரை உதறினார். நனைந்தபடி ஓடிய முயலை நிறுத்தி, “பார்த்தாயா? தவளைகள் மலையேறினால் மழை பெய்கிறது. இதைக் கண்டுபிடித்தவன் நான்தான்” என்றார்.

தன் தவற்றிலிருந்தும் பாடம் கற்காதவரின் அறிவை நம்பினால், நம்பியவரே அதற்கு விலை கொடுக்க நேரும்.