முந்தின நாள் சோறு

அந்தக் காலத்தில் காக்கைக்கு நம்மைப் போலவே பேச்சு வரும். குரலும் நல்ல குரல். கட்டிக்கொடுத்த பெண்களுக்கும் பிறந்த வீட்டுக்கும் நடுவில் சேதி கொண்டுபோவது அதுதான். போன இடத்தில் ஒரு பிடி சோறு போடுவார்கள், அவ்வளவுதான் கூலி.

தையல்நாயகி என்று ஒருத்தி இருந்தாள். தாய் தகப்பன் கிடையாது, அவளுக்கு எல்லாமே அண்ணன் மாசிலாமணிதான். ஆற்றுக்கு இக்கரையில் அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டு அவன் அக்கரையில் இருந்தான். வருஷம் தவறாமல், பொங்கல் பானை அடுப்பில் ஏறுவதற்குள் சீரோடு வந்து நிற்பான். புதுப்பானை, மஞ்சள் கொத்து, அப்புறம் அவளுக்குப் பிடித்த கரும்பு.

அந்த வருஷம் பானை ஏறிவிட்டது. அண்ணனைக் காணோம்.

அவள் மாமியார் சிவகாமி கைராசிக்காரி. பாம்புக்கடிக்கு அவள் பச்சிலை அரைத்துக் கொடுத்தால் பிழைக்காதவர்கள் இல்லை. ஆனால் அந்த வாய் இருக்கிறதே! "என்னடி, உங்க அண்ணனுக்கு வழி மறந்துபோச்சா? பழைய பானையிலே பொங்குற மருமக எனக்குன்னுதான் வாய்ச்சிருக்கா" என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள். தையல்நாயகிக்கு மானமே போய்விட்டது. கோபம் மாமியார் மேல் வரவில்லை, பாருங்கள். அண்ணன் மேல்தான் வந்தது.

அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்கிறீர்கள்? விடியும்போதே சீரையெல்லாம் கட்டி வைத்துவிட்டான். தங்கச்சிக்குக் கரும்பு மட்டும் அப்போதே வெட்டினதாக இருக்கட்டும் என்று கரும்புக் கொல்லைக்குப் போனான். வெட்டக் குனிந்தவனைப் பாம்பு கடித்துவிட்டது. ஊரே பொங்கல் வைக்க வீட்டில் இருந்தது. கூப்பிட்ட குரலுக்கு வந்தது வரப்பில் உட்கார்ந்திருந்த காக்கை ஒன்றுதான்.

"தையலோட மாமியாரை மருந்தோட வரச் சொல்லு. சீக்கிரம் போ" என்றான்.

காக்கை ஆற்றைத் தாண்டிப் பறந்தது. முற்றத்தில் பொங்கல் கொதிக்கிற நேரத்தில் மூச்சிரைக்க வந்து அடுப்போரம் இறங்கியது.

"தையலு, உங்க அண்ணன்..."

"அண்ணன் பேச்சை எடுக்காதே! வராததுக்குச் சாக்குச் சொல்ல உன்னை அனுப்பிச்சானா?"

"அம்மாடி, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

சொல்லி முடிக்க விட்டாளா? அகப்பையால் கொதிக்கிற பொங்கலை அள்ளி அதன் மேல் வீசினாள். திறந்த அலகுக்குள் போய் விழுந்து, தொண்டையை அப்படியே வேகவைத்துவிட்டது.

காக்கை கூரையில் போய் உட்கார்ந்து கத்தியது. பேச்சு வரவில்லை. கரகரவென்று ஒரு சத்தம்தான் வந்தது. பொழுது சாய்கிறவரை அது ஓயவில்லை. "சோத்துக்கு எப்படி அலையுது பார்" என்றாள் தையல்நாயகி. சொன்னாளே, பாவி!

மறுநாள் விடியும்போது அண்ணனின் பக்கத்து வீட்டுக்காரர் சீர்க்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நடந்ததைச் சொன்னார். "உயிர் போனப்பவும் கையிலே பிடிச்ச கரும்பை விடவே இல்லையம்மா" என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சிவகாமி தலையில் அடித்துக்கொண்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை வந்திருந்தா ஆத்தை நீந்தியே போயிருப்பேனேடி! ஏதோ வாய்க்கொழுப்பிலே பேசிட்டேனே!"

காக்கை எதற்குக் கத்தியது என்று தையல்நாயகிக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் குளிக்கவில்லை, தலை வாரவில்லை. நேற்று மீந்த பொங்கலை எடுத்தாள். அண்ணன் கட்டி வைத்த மஞ்சள் கொத்திலிருந்து இலையைக் கிழித்து முற்றத்தில் விரித்தாள். அதில் பிடிபிடியாகச் சோற்றை வைத்தாள்.

"வா, தின்னு. நேத்து உனக்குப் போடாத சோறு. தின்னுட்டு அண்ணன் என்ன சொல்லுச்சுன்னு சொல்லு. இப்ப நான் கேக்குறேன்."

காக்கை எட்ட இறங்கியது. தன் கூட்டத்தையும் கூப்பிட்டுக்கொண்டு தின்றது. தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. அலகைத் திறந்தது. அதே கரகர சத்தம்தான் வந்தது. கூட வந்த கூட்டத்துக்கும் அன்றோடு பேச்சு போய்விட்டது. அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகையே வந்தது.

"எனக்குத்தான் இல்லேன்னு ஆயிடுச்சு. மத்தவங்க கூடப்பிறந்தவங்களாவது நல்லா இருக்கட்டும்" என்று கும்பிட்டாள்.

அன்று முதல்தான் பொங்கலுக்கு மறுநாள் காலையில், பெண்கள் குளிப்பதற்கு முன்னாலேயே மஞ்சள் இலையில் கனுப்பிடி வைத்து, அண்ணன் தம்பி நன்றாக இருக்க வேண்டும் என்று காக்கையைக் கூப்பிடுகிறார்கள். முந்தின நாளே அதற்குப் போட்டிருக்க வேண்டிய சோறு அது.