சைக்கிளில் வராத குரல்

தும்பலூர் ஹாம் ரேடியோ சங்கத்தில் மொத்தமே மூன்று பேர். மூவருமே பதவியில் இருந்தார்கள். வைத்தியலிங்கம் தலைவர், தணிகாசலம் செயலாளர், சிவக்கொழுந்து பொருளாளர். உரிமம் வாங்கி, வீட்டில் ஒரு செட்டை வைத்துக்கொண்டு, முகம் தெரியாத வெளியூர்க்காரர்களோடு வானலையில் பேசுகிற பொழுதுபோக்கு அது. அதற்கென்று ஒரு தேர்வு உண்டு. மூவரும் முதல் முறையிலேயே தேறிவிட்டார்கள் என்பதிலிருந்து தேர்வுகளைப் பற்றி நாம் தெரிந்துகொள்ளலாம்.

வைத்தியலிங்கத்தின் மைத்துனர் ஏகாம்பரம் பக்கத்து ஊர்ச் சங்கத்தில் பெரிய புள்ளி. விவரமானவர், அதை ஒரு நிமிஷம்கூட மறக்கத் தெரியாதவர். ஒரு கல்யாணப் பந்தியில், பாயசம் வருகிற நேரம் பார்த்து வம்புக்கு இழுத்தார்.

"வீட்ல ஃபேனுக்கு அடியில உக்காந்து பேசறதெல்லாம் ஒரு பேச்சா மாமா? சைக்கிள்ல பார்க்குக்குப் போய் அங்கேருந்து பேசுங்க, பாப்போம். ரேடியோ நிலையத்துக்கு வேண்டியது எல்லாம் சைக்கிள்லதான் வரணும். பொழுது சாயறதுக்குள்ள வெளியூர்க்காரன் ஒருத்தனாவது உங்க குரலைக் கேட்டுப் பதில் சொல்லிட்டா என் மீசையை எடுத்துடறேன். இல்லேன்னா உங்க மீசை."

"சரி மாப்ளே" என்றார் வைத்தியலிங்கம். சொன்ன பிறகுதான் மீசையைத் தொட்டுப் பார்த்தார். எண்ணெய் போட்டு முறுக்கி வளர்த்த மீசை. தும்பலூரில் தமக்கு இருந்த மரியாதையில் முக்கால்வாசி அதற்குத்தான் என்பது அவருக்கே தெரியும். உண்மையாகவே பயந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஆளுக்கொரு சைக்கிளில் செட்டு, பேட்டரி, ஏரியல் கம்பி எல்லாம் கட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனார்கள். செட்டின் எர்த் கம்பியை மண்ணில் ஊன்ற வேண்டும். சிவக்கொழுந்து ஊன்றப் போனபோது தணிகாசலம் கையைப் பிடித்தார்.

"இது எந்த மண்ணு?"

"பார்க்கு மண்ணு."

"சைக்கிள்ல வந்துதா?"

மூவரும் குனிந்து மண்ணைப் பார்த்தார்கள். அது சைக்கிளில் வந்த மாதிரித் தெரியவில்லை. திரும்பிப் போய், வீட்டுக் கொல்லையில் வெட்டி, இரண்டு கோணி மண் கொண்டுவந்து குவித்து அதில் ஊன்றினார்கள்.

அடுத்து, ஏரியலைக் கட்ட மரம் வேண்டும். பூங்காவில் பெரிய பெரிய தூங்குமூஞ்சி மரங்கள் நின்றன. அவற்றில் ஒன்றுகூடச் சைக்கிளில் வந்ததில்லை. முருங்கைக் கிளை ஒன்றை வெட்டி ஹேண்டில்பாரில் கட்டிக் கொண்டுவந்தார்கள். முருங்கை தன் குணப்படி வழியிலேயே ஒடிந்தது.

"விடுங்க தலைவரே. நான் சைக்கிள்ல வந்தவன்தானே? நானே மரமா நிக்கிறேன்" என்று சொல்லி, தணிகாசலம் கம்பியின் நுனியைப் பிடித்துக்கொண்டு கேரியர்மேல் ஏறி நின்றார். தலைவர் மைக்கை அழுத்திச் சோதித்தபோதெல்லாம் தணிகாசலத்தின் விரலில் சுருக்கென்றது. மரம் கத்தாது என்பதால் அவரும் கத்தவில்லை.

சிவக்கொழுந்துக்கு இன்னொரு சந்தேகம். "நாம மூச்சு விடறோமே தலைவரே, இந்தக் காத்து?"

தலைவர் சைக்கிள் டயரை அமுக்கிப் பார்த்தார். "டியூபுக்குள்ள வந்திருக்கே" என்றார். மூன்று சைக்கிளின் காற்றையும் பிடுங்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

இத்தனையும் முடிய வெயில் தாழ்ந்துவிட்டது. பந்தயத்துக்காகச் சொல்லிவைத்திருந்த நாவிதர் பக்கிரி தன் சைக்கிளில் பெட்டியோடு வந்து, பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடினார். பெட்டியைப் பார்த்ததும் தலைவர் மீசையைக் கையால் மூடிக்கொண்டார். மைக்கைப் பிடித்துக் கூப்பிட்டார், கூப்பிட்டார், தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். செட்டில் இரைச்சல்தான் கேட்டது.

வேடிக்கை பார்க்கலாம் என்று ஏகாம்பரமும் தன் வீட்டில் செட்டைப் போட்டிருந்தார். மாமாவின் குரல் கணீரென்று வந்துவிட்டது. தாமும் வெளியூர்க்காரர்தானே, மீசை போனாலும் நியாயஸ்தன் என்ற பெயராவது மிஞ்சட்டும் என்று பதில் சொன்னார்.

"மாமா, ஏகாம்பரம் பேசறேன். நல்லாக் கேக்குது. நீங்க ஜெயிச்சுட்டீங்க. ஓவர்."

தலைவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போது மேலேயிருந்து மரம் பேசியது.

"தலைவரே, அந்தக் குரல் எதுல வந்துது?"

"வானத்துல."

"சைக்கிள்ல வரலியே. நிலையத்துக்கு வேண்டியது எல்லாம் சைக்கிள்லதான் வரணும். நமக்கு வேண்டியதே அந்தப் பதில்தானே?"

தலைவர் மீசையைத் தடவினார். ஆனாலும் நேர்மை என்று ஒன்று இருக்கிறதே. "மாப்ளே, உங்க பதில் செல்லாது. ஓவர்" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு, பிழைத்தது மீசை என்று செட்டை அணைத்திருப்பார்கள். ஆனால் தோற்பதைக்கூடத் தாங்கிக்கொள்கிற விவரமானவர்களுக்கு, தம் பேச்சு செல்லாது என்பதை மட்டும் தாங்க முடியாது. "செல்லும்" என்றார் ஏகாம்பரம். "செல்லாது" என்றார் தலைவர். இந்த வாக்குவாதம் சூடேறி, ஏகாம்பரம் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு பூங்காவுக்கே வந்துவிட்டார்.

"நேர்லயே சொல்றேன். உங்க குரல் கேட்டுது. நான் தோத்துட்டேன்."

சிவக்கொழுந்து ஸ்கூட்டரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். "இதுல பெடல் இல்லீங்களே" என்றார் வருத்தத்தோடு.

ஏகாம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பி, ஒரு சைக்கிளை இரவல் வாங்கி, வியர்வை சொட்டச் சொட்ட மிதித்து வந்து சேர்ந்தார். அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது.

"இப்ப சொல்றேன். நான் தோத்துட்டேன்."

"பொழுது சாஞ்சிடுச்சே மாப்ளே. தோத்தது நான்தான்" என்று தலைவர் கடைசித் தடவையாக மீசையை முறுக்கினார்.

"இல்ல மாமா, நான்தான்."

"அட, நான்தான் மாப்ளே."

தணிகாசலம் கேரியரிலிருந்து இறங்கி வந்தார். "கொஞ்சம் இருங்க. இந்த இருட்டு சைக்கிள்லயா வந்துது?"

அது எதில் வந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

"அப்ப அதுவும் செல்லாது. இன்னும் பகல்தான்."

"அதான் நியாயம்" என்று முதலில் சொன்னவர் ஏகாம்பரம். "பகலேதான். பக்கிரி, கத்தியை எடு."

பக்கிரி பழக்கதோஷத்தில் செல்போன் விளக்கைப் போட்டார். பகலில் எதற்கு விளக்கு என்று நாலு பேரும் சேர்ந்து அவரைக் கண்டித்து அணைக்க வைத்தார்கள். பாவம், கைக்கு அகப்பட்ட முகத்தைப் பிடித்து மழித்தார். ஆள் மாறிவிட்டதோ என்று சந்தேகம் வந்து இன்னொன்றை மழித்தார். அப்படியும் சந்தேகம் தீரவில்லை. கத்தி பட்டவர்களோ, விதியில் இதுவும் இருக்கும் போலிருக்கிறது என்று வாயைத் திறக்கவில்லை.

கதவைப் பூட்ட வந்த காவலாளி டார்ச் அடித்தார். தலைவருக்கு மீசை இல்லை. பொருளாளருக்கும் இல்லை. மரத்துக்கும் இல்லை. ஏகாம்பரத்தின் மீசை மட்டும் முறுக்குக் குலையாமல் அப்படியே இருந்தது.

ஏகாம்பரம் அதைத் தொட்டுப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று. எழுந்து போய்க் காவலாளியின் கையிலிருந்த டார்ச்சைப் பிடுங்கி அணைத்துவிட்டு, மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"பக்கிரி, பகல் போறதுக்குள்ள என்னுதையும் எடுத்துடு."