கொட்டப்போன நீர்

சீடருக்குக் குருவைவிட வயது அதிகம்.

தவமணி பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தியவள். தங்கை பூங்கோதைக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு வேலையை விட்டுவிட்டுத் தரமணியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மாணவியாகச் சேர்ந்தாள். அங்கே அவளுக்கு வாய்த்த குரு பேராசிரியர் தனிஸ்லாஸ். அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டீச்சர் என்பார்.

அங்கே இரண்டு வகை செல்களைத் தட்டுகளில் வளர்த்தார்கள். புற்று செல்கள் ஒரு பக்கம், நோயில்லாத மார்பக செல்கள் இன்னொரு பக்கம். தவமணிக்குக் கண்ணெல்லாம் புற்று செல்கள் மேல்தான். நல்ல செல்கள் தின்று வளரும் நீரான மீடியத்தில் பழையதை உறிஞ்சிக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவாள், தட்டை இளஞ்சூட்டுப் பெட்டியில் வைத்து மூடுவாள். அவற்றில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

ஒருநாள் காலை கண் வீங்கி வந்து சேர்ந்தாள். தனிஸ்லாஸ் எதுவும் கேட்கவில்லை. வேலை நடுவில் அவளாகவே சொன்னாள்.

"பூங்கோதை என்னை வீட்டுக்கு வராதேன்னு சொல்லிட்டா சார்."

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"கோபமில்லையாம். என்னைப் பார்த்தா, எனக்கு வந்தது அக்காவுக்கு ஏன் வரலைன்னு தோணுதாம். ஒரே வயித்துல பொறந்தவங்கதானேன்னு கேக்குறா. நான் என்னத்தைச் சொல்ல?"

அவள் நல்ல செல்களின் தட்டை எடுத்து மீடியத்தை உறிஞ்சினாள்.

"நோயில்லாம பக்கத்துல உக்காந்திருக்கிறவளால என்ன சார் பிரயோஜனம்?"

கேட்டுக்கொண்டே, நல்ல செல்களிலிருந்து உறிஞ்சிய மீடியத்தைக் கழிவு பாட்டிலில் சாய்க்கப் போனாள்.

"அதைக் கொட்டாதீங்க டீச்சர்."

"பழசு சார். செல் தின்னு முடிச்சது."

"தெரியும். கொடுங்க."

வாங்கி, பாதியைத் தனியாக நன்றாகச் சூடாக்கி ஆறவைத்தார். பிறகு புற்று செல்கள் நெருக்கமாக வளர்ந்திருந்த மூன்று தட்டுகளை எடுத்தார். ஒவ்வொன்றின் நடுவிலும் மெல்லிய முனையால் ஒரு கோடு கீறினார். கோடு போன இடத்தில் செல்கள் விலகி, தலையில் வகிடு எடுத்ததுபோல் ஆயிற்று. ஒரு தட்டில் புது மீடியம் ஊற்றினார். இரண்டாவதில் அவள் கொட்டப்போன நீர். மூன்றாவதில் சூடாக்கி ஆறவைத்த நீர்.

"நாளைக்குப் பார்க்கலாம்."

மறுநாள் மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். முதல் தட்டில் வகிட்டைக் காணோம். புற்று செல்கள் ஊர்ந்து வந்து இடைவெளியை அடைத்துவிட்டிருந்தன. மூன்றாவதிலும் அப்படியே. இரண்டாவதில் மட்டும் வகிடு எடுத்த மாதிரியே இருந்தது.

"செத்துடுச்சா சார்?"

"இல்ல. உயிரோடதான் இருக்கு. ஓடுறது மட்டும் நின்னிருக்கு."

"தீனி தீர்ந்த மீடியமாச்சே. பட்டினியில சுருண்டிருக்கலாம்."

"சூடாக்கினதும் அதே மீடியம்தானே?"

தவமணி யோசித்தாள்.

"அப்போ சூட்டுல கெட்டுப்போற ஏதோ ஒண்ணு. புரோட்டீன். நல்ல செல்லு வெளியில சுரந்துவிட்டது."

"ஆமா."

"ஆனா அந்த செல்லு இந்தத் தட்டுப் பக்கமே வரலையே. தொடக்கூட இல்லையே."

"வரல. அது தன்னோட இடத்துல இருந்துச்சு. சுரந்துச்சு."

அவள் குரல் இறங்கியது. "இதைப் பூங்கோதைக்குக் கொடுக்க முடியுமா சார்?"

தனிஸ்லாஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"முடியாது டீச்சர். இதுல எந்தப் புரோட்டீன்னு முதல்ல பிரிச்செடுக்கணும். உடம்புக்குள்ளயும் இதே வேலையைச் செய்யுதான்னு பார்க்கணும். மருந்தாயிடும்னு உங்ககிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன்."

தவமணி தலையசைத்தாள். வெகுநேரம் அந்த இரண்டாவது தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் பஸ் ஏறிப் பல்லாவரம் போனாள். பூங்கோதைதான் கதவைத் திறந்தாள். முடி கொட்டிய தலையில் துண்டு கட்டியிருந்தாள்.

"வராதேன்னேனே."

"ம்" என்றபடி தவமணி உள்ளே போனாள்.

சிகிச்சையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, தைரியமும் சொல்லவில்லை. கிடந்த பாத்திரத்தைத் தேய்த்தாள். ரசம் வைத்துச் சோற்றைக் குழையப் பிசைந்து, கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். கூடத்து மூலையில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்தாள். பூங்கோதை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

கடைசித் துணியை மடிக்கும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அக்கா, ரசத்துல புளி ஜாஸ்தி."

தட்டில் பாதிச் சோறு காலியாகியிருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் தவமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்து சீட்டு அம்மாள் ஏனென்று கேட்காமல் ஜன்னலோரம் இடம் விட்டாள்.

இதைக் குருவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் மறுநாள் சீக்கிரமே கிளம்பினாள். வழியிலேயே பூங்கோதையிடமிருந்து போன் வந்தது. ஆய்வுக்கூடத்தில் இரண்டாவது தட்டைப் பார்த்தபோது மிச்சமிருந்த உற்சாகமும் போயிற்று.

"சார், இது மூடிக்கிட்டு வருது."

அவர் வந்து குனிந்து பார்த்தார். "ஆமா. ஒரு தடவை ஊத்தினா அது அவ்வளவுதான் தாங்கும்."

"நேத்து சாப்பிட்டா சார். புளி ஜாஸ்தின்னுகூடச் சொன்னா. இன்னைக்குக் காலையில போன் பண்ணி மறுபடியும் வராதேங்கிறா."

தனிஸ்லாஸ் பெட்டியைத் திறந்து நல்ல செல்களின் தட்டை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"இதுல சுரந்திருக்கும். எடுத்து ஊத்துங்க."

அவள் உறிஞ்சி எடுத்தாள். ஒரு சொட்டு சிந்தாமல் புற்று செல்கள் மேல் விட்டாள். மூடியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னும் எத்தனை நாளைக்கு சார் இப்படி?"

அவர் நல்ல செல்களின் தட்டுக்குப் புது மீடியம் ஊற்றினார். அதை மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்துத் தெளிவாகத் தெரியும்படி திருகினார். பிறகு அவள் பார்ப்பதற்காக நகர்ந்துகொண்டார்.

"எத்தனை நாளைக்குன்னு அதுங்க இதுவரைக்கும் கேட்டதில்ல டீச்சர்."